வால்வின் மேல் விழும் பழி



பழைய வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “வால்வு போயிடுச்சுங்க.” செட் பாடாவிட்டாலும் வால்வு, கரகரத்தாலும் வால்வு, புகை வந்தாலும் வால்வு. கண்ணுக்குத் தெரிகிற பொருள், கண்ணாடியால் ஆனது, உள்ளே சிவப்பாக எரிவது. அதனால் பழி அதன் தலையில் விழுகிறது. பரணில் பல பத்தாண்டுகள் கிடந்த செட்டுகளைத் திறந்து பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது, சேஸிக்கு அடியில் மெழுகு பூசிய காகிதச் சுருளாக, யார் கண்ணிலும் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்டென்சர். இந்தப் பேச்சு அந்தத் தவறான பழியைப் பற்றியது.

வரலாற்றை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. பிளெமிங் 1904-இல் இரண்டு முனை வால்வுக்குக் காப்புரிமை கேட்டார். லீ டி ஃபாரஸ்ட் 1906-ஐ ஒட்டி அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல், முதல் உலகப்போர்க் காலத்துப் பாரிசில், சூப்பர்ஹெட்ரோடைன் என்ற சுற்றை உருவாக்கினார். நம் வீடுகளுக்கு வந்த பெரும்பாலான வால்வு செட்டுகள் அந்தச் சுற்றின் வாரிசுகளே. சென்னையில் 1924-இல் ரேடியோ கிளப் தொடங்கியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன. பிலிப்ஸ் 1948-இல் கல்கத்தாவில் ரேடியோ தயாரிக்க ஆரம்பித்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகளையே இங்கு செய்யத் தொடங்கியது. இடையில் 1952-இல் மத்திய அமைச்சரான கேஸ்கர், வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். ஊரே சிற்றலைக்குத் திரும்பி இலங்கை வானொலியைக் கேட்டது. சிற்றலை பிடிக்காத செட்டை வாங்க ஆளில்லை. இன்று பரண்களில் இருப்பவை பெரும்பாலும் அந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வாங்கியவை.

அந்தக் காலத்து நடுத்தர வீட்டுச் செட் ஒன்றை மேஜையில் வைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். ஐந்து வால்வு, ஏ.சி. மின்சாரத்துக்கு மட்டும் ஆனது. ஏரியலில் வரும் அலையை ஈ.சி.எச். 81 வாங்கி, தானே உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலக்கும். எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் இந்தக் கலப்பில் 455 கிலோஹெர்ட்ஸுக்கோ அதன் அக்கம்பக்கத்துக்கோ மாறிவிடும்; ஐ.எஃப். என்பது இதுதான். அதை ஈ.எஃப். 89 பெருக்கும். ஈ.பி.சி. 81 அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுத்து ஒரு படி உயர்த்தும். ஈ.எல். 84 அதற்குப் பலம் கொடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஓரத்தில் நிற்கும் ஈ.இசட். 80, ஏ.சி.யை டி.சி.யாக்கி மற்ற நான்குக்கும் சோறு போடும். மெக்கானிக் தேடுவது இந்த வரிசை எங்கே அறுந்திருக்கிறது என்பதைத்தான்.

பெயரின் முதல் எழுத்தைக் கவனிக்காமல் எந்தச் செட்டிலும் கை வைக்கக்கூடாது. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். பெரும்பாலும் உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கும். ‘டி’ என்றால் பேட்டரி செட். மின்சாரம் எட்டாத கிராமங்களில் 90 வோல்ட் பேட்டரியிலும் ஒன்றரை வோல்ட் பேட்டரியிலும் ஓடியது. அதன் ஃபிலமென்ட் மயிரிழை. பெரிய பேட்டரியின் வயர் தவறிச் சின்னதன் இடத்தில் பட்டால் வால்வுகள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அப்போது மட்டும் “வால்வு போயிடுச்சு” என்பது முழு உண்மை.

‘யு’ என்று தொடங்கினால் நிதானம் தேவை. அது ஏ.சி./டி.சி. செட். கல்கத்தாவின் சில பகுதிகளைப் போல டி.சி. மின்சாரம் ஓடிய ஊர்களிலும் விற்கலாம், டிரான்ஸ்பார்மர் செலவும் மிச்சம் என்று செய்த ஏற்பாடு. ஐந்து வால்வுகளின் ஹீட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 100 மில்லியாம்பியர் ஓடவிடுவார்கள். யு.சி.எச். 42, யு.எஃப். 41, யு.பி.சி. 41, யு.எல். 41, யு.ஒய். 41 ஆகியவற்றின் ஹீட்டர் வோல்டேஜைக் கூட்டினால் ஏறத்தாழ 117 வரும். 230-இல் மிச்சமுள்ள 113 வோல்ட்டை ஒரு தடித்த கம்பிச்சுருள் ரெசிஸ்டர் வெப்பமாகத் தின்றுவிடும். 11 வாட் சூடு. ஒரு ஹீட்டர் அறுந்தால் ஐந்தும் இருளும். கூடவே இன்னொரு விஷயம்: மின்சாரத்தின் ஒரு கம்பி நேராகச் சேஸியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைப் பிளக்கை ஒரு பக்கம் செருகினால் சேஸியில் ஒன்றுமில்லை. திருப்பிச் செருகினால் சேஸி முழுக்க 230 வோல்ட். குமிழைப் பிடிக்கும் சின்னத் திருகாணியில்கூட அது இருக்கும். தொழிற்சாலையில் அந்தத் திருகாணிக் குழியை மெழுகால் அடைத்திருப்பார்கள். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எறிந்தவர்கள் உண்டு. இவ்வகைச் செட்டை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மேஜையில் திறக்கவே கூடாது. பாதுகாப்புக்காக என்று சேஸிக்கு எர்த் கொடுக்கவும் கூடாது. பிளக் திரும்பினால் அது நேரடி ஷார்ட்.

இனி நம் ஐந்து வால்வு ஏ.சி. செட்டுக்கு வரலாம்.

வீட்டில் இறக்கிய உடனே எல்லாரும் செய்கிற காரியம், “பாடுதா பார்ப்போம்” என்று பிளக்கைச் செருகுவது. எத்தனையோ செட்டுகளின் டிரான்ஸ்பார்மர் வெந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். ஈரம் ஏறிய கண்டென்சர்களும், காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும், எலி கடித்த வயரும் இருக்கும் இடத்தில் முழு மின்சாரத்தை ஒரேயடியாக விட்டால் வேறு என்ன நடக்கும்? முதலில் பின்பலகையைக் கழற்றி, சும்மா பார்க்க வேண்டும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். வால்வின் உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிப்பூச்சு போல ஒரு பளபளப்பு தெரியும். வால்வுக்குள் மிஞ்சும் காற்றை உறிஞ்ச வைத்த பூச்சு அது. அது பால் போல வெளுத்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. மீட்டர் தேவையில்லை, கண் போதும். பின்பக்கத்து வோல்டேஜ் தட்டு 220-இல் நிற்கிறதா, 245-இல் நிற்கிறதா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது. பழைய ரப்பர் வயர் கைபட்டால் உதிரும். மெயின்ஸ் கார்டை யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

பிறகு சீரிஸ் பல்பு. செட்டுக்குப் போகும் ஒரு கம்பியை வெட்டி நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுவது. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஃபிலமென்ட் பல்புதான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கருவிகள் செய்கிற பாதி வேலையை இந்தப் பல்பு செய்யும். சுவிட்சைப் போட்டதும் பல்பு முழு வெளிச்சமாக எரிந்து அப்படியே நின்றால், கோளாறு டிரான்ஸ்பார்மரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. முதலில் மங்கலாக எரிந்து, இருபது முப்பது விநாடி கழித்து மெல்ல மெல்லப் பிரகாசமானால் சேதி வேறு. அத்தனை நேரம்தான் ஈ.இசட். 80 சூடேறி டி.சி. கொடுக்க ஆரம்பிக்கிற நேரம். ஆக, ஷார்ட் இருப்பது டி.சி. பக்கம், பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக். பல்பு எப்போது பிரகாசமாகிறது என்பதை வைத்தே செட்டில் பாதியைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடலாம்.

இப்போது உண்மையான குற்றவாளி.

ஈ.பி.சி. 81-இன் ஆனோடிலிருந்து ஈ.எல். 84-இன் கிரிடுக்கு ஒரு கண்டென்சர் போகும். 0.01 மைக்ரோஃபாரட், அல்லது கொஞ்சம் கூடுதல். பாட்டை விட வேண்டும், டி.சி.யை விடக்கூடாது, அதற்கு இட்ட வேலை இவ்வளவே. ஒரு பக்கம் ஏறத்தாழ 100 வோல்ட், மறுபக்கம் பூஜ்யம். கிரிட் என்பது ஏரி மதகின் பலகை போல: அது கொஞ்சம் இறங்கி நின்றால்தான் வால்வில் ஓட்டம் கட்டுக்குள் இருக்கும். ஈ.எல். 84-இல் அந்த இறக்கம், கேதோடோடு ஒப்பிட்டால், 7 வோல்ட் அளவு. காகிதமும் மெழுகும் கொண்ட கண்டென்சர் நம் ஊர் ஈரக்காற்றை ஐம்பது ஆண்டு குடித்தபின் லேசாகக் கசியத் தொடங்கும். 10 மெகாஓம் கசிவு என்று வைத்துக்கொள்வோம். கிரிடில் இருக்கும் ரெசிஸ்டர் 1 மெகாஓம். கணக்குப் போட்டால் கிரிடில் 9 வோல்ட் பிளஸ் ஏறிவிடுகிறது. தடுக்க வேண்டிய 7 வோல்ட் மைனஸை அது விழுங்கி ஏப்பம் விடும். பலகை முழுதாக உயர்ந்துவிட்டது.

அதன்பின் நடப்பது சங்கிலி. ஈ.எல். 84 தாங்கக்கூடிய 65 மில்லியாம்பியரைத் தாண்டி ஓட்டம் போகும். அதன் ஆனோட் தகடு செக்கச் சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மயிரிழைச் சுருள் வெந்து அறும். ஈ.இசட். 80 மூச்சுத் திணறும். வீட்டுக்காரர் பார்ப்பது சிவந்த வால்வை மட்டும். உடனே புது ஈ.எல். 84 வாங்கி மாட்டுவார். செட் கொஞ்ச நாள் பாடும். பிறகு அதுவும் போகும். இரண்டாவது, மூன்றாவது வால்வும் பலியானபின் “இந்த பிராண்டே சரியில்லை” என்று தீர்ப்பு வரும். சில ரூபாய்க் கண்டென்சர் ஒன்று கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கசிவுக்கு ஓர் அடையாளம் உண்டு. செட் பத்து நிமிடம் நன்றாகப் பாடும். உள்ளே சூடேறியபின் குரல் கமறும். சூட்டில் கசிவு கூடுகிறது. ஆனால் கண்டென்சரைக் கழற்றிச் சாதாரண மீட்டரில் ஓம் பார்த்தால் அது நல்லபிள்ளையாக இருக்கும். காரணம் எளிது: மீட்டர் சில வோல்ட்டில் சோதிக்கிறது, செட்டில் அதன் மேல் நிற்பது 100 வோல்ட். சோதனையைச் செட் ஓடும்போதே செய்ய வேண்டும். கண்டென்சரின் கிரிட் பக்க முனையை மட்டும் அவிழ்த்துவிட்டு, அந்த முனைக்கும் சேஸிக்கும் நடுவே டிஜிட்டல் மீட்டரை வைத்து டி.சி. வோல்ட் பார்க்கலாம். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் விடுதலை. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று பிளஸில் நின்றால் தண்டனை. பழைய ஊசி மீட்டரானால் அதன் உள்தடையே அந்த வோல்டேஜைச் சாப்பிட்டுவிட்டுப் பொய் சொல்லக்கூடும். இங்கே மலிவான டிஜிட்டல் மீட்டர் மேல்.

அவிழ்த்தபின்னும் கிரிடில் பிளஸ் நின்றால்? அப்போதுதான் வால்வு குற்றவாளி. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. நியாயமாக விசாரித்தபின் சொல்லும் தீர்ப்பு அது. கேதோடு ரெசிஸ்டரில் வோல்ட் பார்ப்பதும் நல்ல பழக்கம்: 150 ஓமில் 7 வோல்ட் நின்றால் ஓட்டம் 47 மில்லியாம்பியர், செட் நலம். 12 வோல்ட் நின்றால் 80 மில்லியாம்பியர், உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

மாற்றாகப் போடுவது 400 அல்லது 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர். மெழுகுக் காகிதமும், பிலிப்ஸ் செட்டுகளில் வரும் கறுப்புத் தார் பூசிய வகையும் கேள்வியின்றி மாற்றத்தக்கவை. ஆனால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடும் கட்சியும் ஒன்று இருக்கிறது. அதில் சேர வேண்டாம். மைக்கா, செராமிக், அறுபதுகளின் கடுகுநிறப் பாலியெஸ்டர் ஆகியவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரே நாளில் முப்பது பாகம் மாற்றி, செட் ஊமையாகிவிட்டால், பழைய கோளாறு எது, கை தவறிப் பற்றவைத்தது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒன்றை மாற்று, செட்டைப் போட்டுப் பார், அடுத்ததற்குப் போ. மெயின்ஸில் குறுக்காகப் போட்டிருக்கும் கண்டென்சரை மட்டும் அதற்கென்றே செய்த எக்ஸ்2 வகையால்தான் மாற்ற வேண்டும்.

‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் வேறு குடும்பம். ஈ.இசட். 80 முழு அலையாகத் திருத்துவதால், எலெக்ட்ரோலிட்டிக் காய்ந்தால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் தாழ்ந்து முனகினால் வால்வின் ஹீட்டருக்கும் கேதோடுக்கும் நடுவே கசிவா, கிரிட் வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். எலெக்ட்ரோலிட்டிக்கை மாற்றும்போது “பெரிதாகப் போட்டால் நல்லதுதானே” என்று 220 மைக்ரோஃபாரட் போடுகிறவர்கள் உண்டு. ஈ.இசட். 80-க்கு அடுத்து நிற்கும் முதல் கண்டென்சர் 50-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வால்வு அதை நிரப்ப அள்ளிக் கொடுத்தே சாகும்.

மின்சாரப் பக்கம் சரி, ஆனால் சத்தமே இல்லை என்றால் பின்னாலிருந்து முன்னே நடக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில், ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மறுகையில் ஸ்க்ரூட்ரைவரின் உலோகத்தில் விரல் பட, அதன் நுனியால் வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் தொட்டால் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் பின் பாதி நலம். கோளாறு முன் பாதியில். கேட்காவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சந்தேகிக்கலாம். கடற்கரை ஊர்களில் இதுவே அடிக்கடி போகும். உப்புக்காற்றில் மெல்லிய செம்புக் கம்பி பச்சை பூத்து அறும். அப்போது ஈ.எல். 84-இன் ஆனோடுக்கு வோல்டேஜ் போகாது, ஸ்கிரீன் கிரிட் மட்டும் எல்லா ஓட்டத்தையும் இழுத்துத் தானே சிவக்கும். தகடு சிவந்தால் கண்டென்சர், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சிவந்தால் டிரான்ஸ்பார்மர். அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியை உற்றுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

முன் பாதியில் அதிகம் ஏமாற்றுவது ஆசிலேட்டர், அதாவது ஈ.சி.எச். 81 தானே அலை உண்டாக்கும் பகுதி. அது நின்றுபோனால் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய இரைச்சல் வரும், ஸ்டேஷன் ஒன்றுகூட வராது. இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைக்கலாம். வால்வு செட்டின் முள்ளைச் சென்னை ‘ஏ’யின் 720-இல் நிறுத்தினால், அதன் ஆசிலேட்டர் 720-உடன் 455-ஐக் கூட்டி 1175 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். டிரான்சிஸ்டரை அந்த இடத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு வால்வு செட்டின் குமிழை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் கீச்சென்று கேட்கும், அல்லது இரைச்சல் சட்டென்று அடங்கும். கேட்டால் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் பேண்ட் சுவிட்சைத் துடைத்துப் பார்த்தபின், ஈ.சி.எச். 81-ஐ மாற்றிப் பார்ப்பது நியாயம்.

ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர் டப்பாக்களின் உச்சியில் திருகாணி போல ஒன்று தெரியும். “லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அது திருகாணி இல்லை. 455-க்கு ஒத்திசைவு செய்து மெழுகு வைத்து அடைத்த உள்ளகம். அதைத் திருகியபின் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் வால்யூம் கண்ட்ரோலும், பேண்ட் சுவிட்சும், வால்வு சாக்கெட்டின் துருவும் காரணம். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பத்துத் தடவை திருப்பினால் பாதி போய்விடும். மிச்ச இரைச்சல் பெரும்பாலும் செட்டினுடையதே அல்ல. இன்றைய வீடுகளில் எல்.இ.டி. விளக்கும், போன் சார்ஜரும், ஃபேன் ரெகுலேட்டரும் மீடியம் வேவ் முழுக்கக் குப்பை கொட்டுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் செட்டைத் திட்டலாம். எலிக்கூடு, டயல் நூல், கிழிந்த ஸ்பீக்கர் காகிதம் ஆகியவற்றுக்குப் பொறுமையும் மீன்பிடி நூலும் நல்ல பசையும் போதும்.

வால்வே போகாது என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷன் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்டும் மேஜிக் ஐ வால்வின் பச்சை வெளிச்சம் வயதாக ஆக மங்கித்தான் தீரும். அதற்கு வைத்தியம் இல்லை. அதிகம் உழைத்த ஈ.எல். 84-ம் ஈ.இசட். 80-ம் களைத்துப்போகும். வாதம் இதுதான்: வால்வைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும், அதுவும் மீட்டர் சொன்னபின். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை உள்ள பழைய வால்வுகள் இன்று கிடைப்பதே அரிது. அவற்றைக் கசியும் கண்டென்சருக்குத் தீனியாகப் போடுவது அநியாயம்.

பரணில் செட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, சேஸியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரப்பெட்டிக்குள் புளூடூத் போர்டு வைக்காதீர்கள். அந்தச் சேஸியில் இருப்பது இன்னொரு செட்டைப் பிழைக்கவைக்கும் உதிரிப்பாகம். இரண்டாவது, பழுது பார்த்தால், எந்தக் கண்டென்சரை எந்தத் தேதியில் எதனால் மாற்றினீர்கள், ஈ.எல். 84-இன் கேதோடில் எத்தனை வோல்ட் நின்றது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பின்பலகையின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து அந்தப் பலகையைக் கழற்றப்போகிறவருக்கு அது தேவைப்படும்.